பழவேற்காட்டுத் துணியும் அங்காடியியல் படிப்பும்

ஜாவாத் தீவில் மார்க்கக் கல்வி புகட்டும் மதரஸாக்களைப் 'பெசந்த்ரன்' என்பர். அங்கு ஓதும் மாணவர்கள் இடுப்பில் உடுத்துவது கட்டம் போட்ட கைலி. அதற்கு அந்நாட்டார் இட்டு வழங்கும் பெயர் 'சாரோங் பலேகாத்'. மலேசியாவில் அதே துணி 'காயின் பெலிகாத்' எனப்படும். காயின் என்றால் துணி. பலேகாத், பெலிகாத் என்பன யாவை? திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், உப்பங்கழிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே இருக்கும் நம் பழவேற்காடுதான் அது. ஐரோப்பியர் வாயில் 'பலியகட்' எனவும் 'புலிகாட்' எனவும் திரிந்த அப்பெயர், கடல் கடந்து போய் ஒரு துணியின் பெயராகவே நிலைத்துவிட்டது. இன்று அத்துணி பெரும்பாலும் அந்நாட்டு ஆலைகளிலேயே நெய்யப்படுகிறது. பெயர் மட்டும் நம்முடையது.

இதனை இவ்விடத்தில் நினைவூட்டக் காரணம் உண்டு. கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி, திருவள்ளூர் ஆகிய ஊர்ப்பக்கங்களில் பள்ளியிறுதி முடித்த பிள்ளைகள் பலர், வணிக நிருவாகத்திலும் 'மார்க்கெட்டிங்' எனப்படும் அங்காடியியலிலும் பட்டம் பெற விரும்புகின்றனர். பெற்றோரிடையே இதுபற்றி இருவகைத் தயக்கம் காணப்படுகிறது. வியாபாரம் நம் இரத்தத்தில் ஊறியது. அதற்கு ஒரு கல்லூரி எதற்கு என்பது ஒன்று. கூவி விற்பதையும் பொய் விளம்பரத்தையும் பாடமாகப் படிப்பது மார்க்கத்திற்கு ஒவ்வுமா என்பது மற்றொன்று. முதலாவது தயக்கத்திற்கு வரலாற்றிலும் இரண்டாவதற்கு ஃபிக்ஹிலும் விடை தேட வேண்டியிருக்கிறது. வரலாற்றிலிருந்தே தொடங்குவோம்.

1516ஆம் ஆண்டையொட்டித் தம் நூலை எழுதிய துவார்த்தே பார்போசா என்னும் போர்த்துக்கீசியர், பழவேற்காட்டைப் பற்றிக் குறிப்பிடுகையில், முஸ்லிம்களும் ஏனையோருமாகப் பெருவணிகர் பலர் வாழும் துறைமுகம் அது என்கிறார். அங்கு ஆகும் வண்ணப் பருத்தித் துணிகள் மலாக்கா, பெகு, சுமத்ரா ஆகிய நாடுகளிலும் குஜராத்திலும் மலபாரிலும் நல்ல விலை பெற்றன என்றும் எழுதுகிறார். மரக்கலம் செலுத்திய நம் முன்னோர் துணியை ஏற்றிச் சென்று, மிளகும் கிராம்பும் தகரமும் கொண்டு திரும்பினர். துணியை மட்டும் அவர்கள் சுமந்து செல்லவில்லை. எந்தத் துறையில் எந்த நிறத்தை விரும்புவர், எக்கரையில் எந்தக் கரை வைத்த துணி விலைபோகாது, எம்மாதத்தில் எவர் கையில் காசு புழங்கும் என்னும் அறிவையும் சுமந்து சென்றனர். ஏட்டில் எழுதப்படாத அந்த அறிவுதான் அவர்களுடைய முதல்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1610இல் பழவேற்காட்டில் காலூன்றினர். அப்போது இப்பகுதி விஜயநகர வேந்தர் வேங்கடபதியின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. 1613இல் அங்கே கெல்திரியா என்னும் கோட்டை எழுந்தது. அவர்களுக்குத் தேவை துணியன்று. கிழக்கே மொலுக்காஸ் தீவுகளில் விளையும் கிராம்பும் ஜாதிக்காயும். ஆனால் அத்தீவு மக்கள் வெள்ளிக் காசைப் பெரிதாக மதிக்கவில்லை. சோழமண்டலக் கரையின் துணியைத்தான் கேட்டனர்; அதிலும் தாம் பழகிய சாயமும் கோலமும் உடைய துணியையே கேட்டனர். ஒரு தீவினர் விரும்பியதை அடுத்த தீவினர் கையால் தொடமாட்டார். ஆகவே டச்சுக்காரர் செய்தது என்ன? கீழைத் தீவுகளில் விலைபோகும் துணியின் மாதிரித் துண்டுகளையும், வேண்டும் நீள அகலம், நிறம், எண்ணிக்கை ஆகியவற்றின் பட்டியல்களையும் பத்தாவியாவிலிருந்து பழவேற்காட்டுக்கு அனுப்பி வைத்தனர். இங்கிருந்த பெருவணிகர் வழியே நெசவாளர்க்கு முன்பணம் கொடுத்து, அம்மாதிரிப்படியே நெய்வித்தனர். மலையா செட்டி குடும்பத்தார் அக்காலத்தில் அவ்விதத் தரகில் புகழ்பெற்றவர்கள்.

இன்றைய கல்லூரிப் பாடநூல் 'சந்தை ஆய்வு' என்று சொல்லுவது இதுவேதான். வாங்குபவனின் விருப்பத்தை முதலில் அறிந்து, பிறகு பொருளைச் செய்வித்தல். நம்மவர் அறியாத வித்தையன்று அது. மாலுமியின் நினைவிலும் வணிகனின் வாய்மொழியிலும் நெடுங்காலமாக இருந்ததுதான். டச்சுக்காரர் அதனைக் காகிதத்தில் ஏற்றினர். ஆண்டுதோறும் ஒழுங்காகச் சேர்த்தனர். தம் அலுவலகங்களுக்கிடையே பரிமாறிக்கொண்டனர். அதனோடு கடற்சீட்டு என்னும் வாளையும் எடுத்தனர். அவர்தம் அனுமதிச் சீட்டின்றிக் கீழைக் கடலில் செல்லும் மரக்கலம் பறிமுதலாகும். 1641இல் மலாக்காவும் அவர் கைக்குப் போயிற்று. வாளை மட்டும் குறை கூறிவிட்டு நம்மவர் ஓய்ந்துவிடுவது வழக்கம். அந்த வாளின் கொடுமை பெரிதுதான். ஆயினும் பரங்கிப்பேட்டை, நாகூர்ப் பக்கத்து மரைக்காயர்கள் அதே வாளுக்குத் தப்பி, ஆச்சே, கெடா, பேராக் முதலிய சுல்தான்களின் துறைமுகங்களில் பதினெட்டாம் நூற்றாண்டு வரை வணிகம் செய்தனர் என்பதையும் மறத்தலாகாது. 1786இல் பினாங்கு உண்டானபோது அங்கே முதன்மை வணிகராய் நின்றோருள் அவர்களும் உண்டு. வாங்குபவனோடு நேரே உறவு வைத்திருந்தவர்கள் தழைத்தனர். தம் ஊர்த்துறையில் நின்று பிறர் கேட்டதைக் கொடுப்பதோடு நின்றவர்க்குக் கூலியே எஞ்சியது.

அதே துறைமுகத்திலிருந்து மனிதர்களும் ஏற்றுமதியானார்கள் என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. பதினேழாம் நூற்றாண்டில் பஞ்ச காலங்களில் தம்மையும் தம் மக்களையும் விற்ற ஏழைகளைத் தரகர் மூலம் வாங்கி, டச்சுக் கப்பல்கள் பத்தாவியாவுக்கு அடிமைகளாகக் கொண்டு சென்றன. துணிக்குப் பட்டியல் எழுதிய அதே எழுத்தர்கள் இவர்களுக்கும் பட்டியல் எழுதினார்கள். அறத்தைக் கழித்துவிட்ட வணிக அறிவு எங்கே போய் நிற்கும் என்பதற்குப் பழவேற்காடே சான்று. 1690இல் கம்பெனியின் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறியது. 1781இல் மீண்டும் பழவேற்காட்டுக்கே வந்தது. 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. அதற்குள் பெருவணிகம் சென்னைக்கு நகர்ந்துவிட்டது.

வணிகத்தைப் படிப்பாக்கும் எண்ணம் மேனாட்டாருடையது என்று நினைப்போர் அரபு நூல் மரபை அறியாதவர். அபுல் ஃபழ்ல் ஜஅஃபர் இப்னு அலீ அத்திமிஷ்கீ என்பார் இயற்றிய 'அல் இஷாரா இலா மஹாஸினித் திஜாரா' என்னும் நூல் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் பழைமையானது. வணிகத்தின் சிறப்புகளைச் சுட்டிக்காட்டுவது என்பது தலைப்பின் பொருள். ஹெல்முட் ரிட்டர் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1917இல் இதனைத் தம் மொழியில் பெயர்த்தார். நம் மதரஸாக்களின் பாடத்திட்டத்தில் இந்நூல் இல்லை, இருந்திருக்கலாம்.

அத்திமிஷ்கீ வணிகரை மூவகையாகப் பிரிக்கிறார். பொருள் மலிந்திருக்கும்போது வாங்கி வைத்து, அருகும்போது விற்பவர் 'கஸ்ஸான்'. ஊர் ஊராகப் பயணம் செய்து விற்பவர் 'ரக்காழ்'. தாம் ஓரிடத்தில் இருந்துகொண்டு, அயலூரில் நம்பகமான முகவரை அமர்த்தி, அவருக்குச் சரக்கை அனுப்பி விற்பவர் 'முஜஹ்ஹிஸ்'. ஒவ்வொருவருக்கும் உரிய அறிவு வேறு. கஸ்ஸானுக்குப் பருவமும் விலையின் ஏற்ற இறக்கமும் தெரிய வேண்டும். முழுச் சரக்கையும் ஒரே தடவையில் வாங்காமல் பகுதி பகுதியாக வாங்க வேண்டும். ரக்காழ் தாம் செல்லும் ஊரின் விலைகளையும் சுங்கத்தையும் குறித்து வைத்திருக்க வேண்டும். முஜஹ்ஹிஸுக்கோ ஆளை அறியும் திறன் வேண்டும். நல்ல சரக்கையும் போலியையும் பிரித்தறியும் முறைகளும், ஏமாற்றுக்காரரின் தந்திரங்களும் நூலில் விரிவாக வருகின்றன. இன்றைய மொழியில் கஸ்ஸானை மொத்தக் கொள்முதலாளர் என்றும், ரக்காழை விற்பனைப் பிரதிநிதி என்றும், முஜஹ்ஹிஸை ஏற்றுமதியாளர் என்றும் சொன்னால் பெரும் பிழையாகாது.

மேனாட்டில் இத்துறை கல்லூரிக்குள் நுழைந்தது மிக அண்மையில். இரயில் பாதைகள் பெருகி, ஆலைகளும் பண்ணைகளும் உள்ளூர்த் தேவைக்கு மிஞ்சி விளைவித்தபோது, அந்த மிகுதி வாங்குபவன் கைக்கு எவ்வழியே செல்கிறது, இடையில் விலை ஏன் இத்தனை மடங்கு ஏறுகிறது என்னும் வினா அமெரிக்காவில் எழுந்தது. 1902இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அதுபற்றிய வகுப்புத் தொடங்கியது. சில ஆண்டுகளில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் 'மார்க்கெட்டிங்' என்னும் சொல்லையே பாடத்தின் பெயராக்கிற்று. நம் நாட்டில் வணிகக் கல்விக்கு வித்திட்டது சென்னைதான். பச்சையப்பன் அறக்கட்டளையார் 1886இல் இங்கே வணிகப் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். பம்பாயில் சைடனாம் கல்லூரி 1913இல் வந்தது. கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் 1961இல் நிறுவப்பட்டன. நம் சமுதாயத்தவரின் கல்லூரிகளான சென்னைப் புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் 1951இல் பிறந்தவை. பின்னதற்குப் பெயர் தந்த ஜமால் முஹம்மது சாகிப் பெரும் தோல் வணிகர். சையித் சுலைமான் நத்வீ (ரஹ்), பிக்தால், அல்லாமா இக்பால் ஆகியோரைச் சென்னைக்கு அழைத்துச் சொற்பொழிவுகள் நடத்தியவரும் அவரே. கணக்கேடும் கிதாபும் ஒரே மேசையில் இருக்கக்கூடும் என்பதற்கு அவரைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா?

இனி, சந்தை அறிவு இல்லாவிடில் என்ன ஆகும், இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் கைலியின் உறவான சென்னைத் துணியே இன்னொரு சான்று தருகிறது. 'மெட்ராஸ்' என்று உலகம் அழைக்கும் கட்டம் போட்ட கைத்தறித் துணி அது. 1958இல் நியூயார்க் இறக்குமதியாளர் ஒருவர் இதனைச் சென்னை ஏற்றுமதியாளர் ஒருவரிடம் வாங்கி, அமெரிக்காவின் பெயர்பெற்ற ஆயத்த ஆடை நிறுவனத்திற்கு விற்றார். சாயம் போகும், குளிர்ந்த நீரில் மென்மையாகத் துவைக்க வேண்டும் என்று இங்கே சொல்லி அனுப்பிய எச்சரிக்கை அங்கே வாடிக்கையாளரைச் சென்றடையவில்லை. துவைத்த சட்டைகளில் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்தன, புகார்கள் குவிந்தன. பிறகு நடந்ததாகச் சொல்லப்படுவது வியப்புக்குரியது. விளம்பரக்காரர்கள் அக்குறையையே மகுடமாக்கினர். சாயம் கசிவது உறுதி. ஒவ்வொரு சலவையிலும் புதுநிறம் காட்டும் கைத்தறி அதிசயம் இது என்று விளம்பரம் செய்தனர். இளைஞர்கள் அதனைத் தேடி வாங்கலாயினர்.

ஃபிக்ஹ் கற்றவர் இந்நிகழ்ச்சியை நோக்கினால் இரண்டு விற்பனைகளைக் காண்பார். முதல் விற்பனையில் சரக்கின் குறை வாங்குபவனுக்குத் தெரிவிக்கப்படவில்லை. அவனுக்குக் 'கியாருல் ஐப்' என்னும் திருப்பித்தரும் உரிமை உண்டு. இரண்டாவதில் குறை மறைக்கப்படவில்லை, ஊரறியச் சொல்லப்பட்டது. அறிந்து வாங்கியவன் குறை கூற இடமில்லை. ஆகவே விளம்பரம் என்பதே பொய் அன்று. உள்ளதைச் சொல்லும் விளம்பரமும் உண்டு. அதுவே அதிகம் விற்றும் காட்டியது. ஆனால் அத்துணிக்கு நம் நெசவாளர் பெற்ற கூலி கசிவு புகழ்பெற்ற பின்னும் அதற்கேற்ப உயர்ந்ததா என்று கேட்டால், கதையைச் சொன்னவர்கள் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

மார்க்கத்தின் பேரால் தயங்குவோர்க்கு இன்னும் சிலவற்றைக் கூற வேண்டும். மெக்கார்த்தி என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1960இல் இத்துறையைப் பொருள், விலை, இடம், விளம்பரம் என நான்காக வகுத்தார். இன்றுவரை முதலாண்டு மாணவன் அதனை மனப்பாடம் செய்கிறான். நம் 'கிதாபுல் புயூஃ' இவை நான்கையும் வேறு கோணத்தில் ஆராய்ந்துள்ளது. மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியலுள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்னும் கருத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியது யாவரும் அறிந்ததே. பால் கறக்காமல் மடியைக் கட்டி, மிகுதியாகப் பால் தரும் ஆடு போலக் காட்டி விற்பது 'தஸ்ரியா', அது விலக்கப்பட்டது. இன்று பெரிய உறைக்குள் சிறிய பொருளை வைத்து விற்பவனுக்கும் அந்த ஆட்டுக்காரனுக்கும் என்ன வேறுபாடு? வாங்கும் எண்ணமின்றி விலையைக் கூட்டிக் கேட்டு ஏமாற்றுவது 'நஜ்ஷ்'. கூலி பெற்றுக்கொண்டு, தாம் வாங்காத பொருளை வாங்கியதாகப் புகழ்ந்து எழுதுவோரை அதே வகையில் சேர்க்கலாம் என்பது நம் கருத்து. ஊருக்கு வெளியே சென்று வணிகக் கூட்டத்தை எதிர்கொண்டு, ஊரின் விலை அவர்களுக்குத் தெரியுமுன் மலிவாக வாங்கிவிடுவது 'தலக்கிர் ருக்பான்', அதுவும் விலக்கப்பட்டதே. விலைச் செய்தி விற்பவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அதன் உட்கிடை.

நம் நாட்டுச் சட்டமும் இவ்விடத்திற்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் திசைதிருப்பும் விளம்பரத்திற்குத் தண்டம் விதிக்க வழி செய்துள்ளது. ஆக, புயூஃ ஓதிய மாணவன் அங்காடியியல் வகுப்பில் அந்நியனல்லன். அவனுக்குத் தெரியாதவை புள்ளியியலும் கணிப்பொறியும் ஆங்கிலமும், அவற்றைக் கற்றுக்கொள்ளலாம். வகுப்பில் உள்ள ஏனையோர்க்கு அவன் அறிந்தது தெரியாது.

படிப்பின் பின் என்ன தொழில் கிடைக்கும்? இதனைக் கும்மிடிப்பூண்டியில் நின்று பார்த்தல் நன்று. 1971இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் அமைத்த தொழிற்பேட்டை அங்கு உள்ளது. இரும்பை உருக்கிக் கம்பியாக இழுக்கும் ஆலைகள், வார்ப்பாலைகள், இரசாயன ஆலைகள் என நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் புகைபோக்கிகள். வடக்கே எல்லையைத் தாண்டினால் ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டி; தெற்கே எண்ணூர்த் துறைமுகம் 2001இல் திறக்கப்பட்டது; காட்டுப்பள்ளித் துறைமுகம் பின்னர் வந்தது. பழவேற்காட்டின் மரக்கலத் துறை தூர்ந்துபோனாலும் அதற்கு அருகிலேயே கப்பல்கள் திரும்பி வந்துவிட்டன. நம் இளைஞர் பலர் இவ்வாலைகளில் ஒப்பந்தக் கூலியாகப் புகுந்து, உலையருகே பன்னிரண்டு மணி நேரம் நிற்கின்றனர். உழைப்பைத் தாழ்வென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அக்கம்பி எவ்விலைக்கு, எவர்க்கு, எத்தனை நாள் கடனில் போகிறது என்று தீர்மானிக்கும் மேசையில் நம் பிள்ளைகள் மிகச் சிலரே.

கட்டடக் கம்பி விற்பது சோப்பு விற்பது போலன்று. வாங்குபவர் கட்டட ஒப்பந்ததாரர், பொறியாளர், மாவட்ட வினியோகஸ்தர். கம்பியின் தரக்குறியீடு, எடை, சோதனைச் சான்றிதழ் ஆகியவற்றை விற்பனை அலுவலர் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். விலைப்புள்ளி தயாரிக்க வேண்டும். ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகளைக் கவனிக்க வேண்டும். கடன் வசூலிக்க வேண்டும். இதில் நயமான பேச்சைவிட நாணயமே நீண்டகாலம் நிற்கும். அன்றாட நுகர்பொருள் நிறுவனங்களிலோ வேறு முறை: பட்டதாரி முதலில் விற்பனைப் பிரதிநிதியாகச் சேர்ந்து கடை கடையாக ஏறி இறங்குவார், பிறகு பகுதி மேலாளர், வட்டார மேலாளர் என உயர்வார். மாத இலக்கின் சுமை கடுமையானது; ஊதியத்தின் ஒரு பகுதி இலக்கைப் பொறுத்தே வரும். பயணத்தில் தொழுகை நேரத்தைப் பேணத் திட்டமிட வேண்டும் என்பதையும் தொடக்கத்திலேயே எண்ணிக்கொள்ள வேண்டும். சந்தை ஆய்வு, விளம்பர நிறுவனம், இணைய வழி விற்பனை, ஏற்றுமதி ஆவணம் என வேறு வாயில்களும் உள. அரபு தெரிந்த பட்டதாரிக்கு வளைகுடா நாடுகளோடு கடிதப் போக்குவரத்து நடத்தும் ஏற்றுமதி நிறுவனங்களில் தனி மதிப்பு இருக்கும். வளைகுடாவுக்குக் கூலியாகப் போவதொன்றே நம் இளைஞர்க்கு விதியன்று; அங்கே சரக்கை அனுப்பும் முஜஹ்ஹிஸாக இங்கிருந்தே வாழலாம்.

ஒன்றில் எச்சரிக்கை வேண்டும். மூன்றாண்டு பி.பி.ஏ. அல்லது பி.காம். முடித்த உடனே, நகையை அடகு வைத்து எம்.பி.ஏ.வுக்கு ஓடுவது அறிவன்று. மேலாண்மைப் பட்டம் தருவதாகப் பலகை மாட்டிய நிறுவனங்கள் எண்ணிறந்தன, எல்லாம் ஒன்றல்ல. இரண்டோராண்டு விற்பனைக் களத்தில் வேலை பார்த்துவிட்டுப் படிப்பவனுக்கே பாடம் புரியும். சேரும்போது 'டான்செட்' முதலிய நுழைவுத் தேர்வெழுதி, அரசு கலந்தாய்வின் வழியே நல்ல கல்லூரியைப் பெற முயல வேண்டும். முந்தைய மாணவர் இன்று எங்கே வேலை செய்கின்றனர் என்று அக்கல்லூரியிடம் பெயர் சுட்டிக் கேட்பதற்குப் பெற்றோர் கூச்சப்படலாகாது.

பெண்பிள்ளைகளுக்கு இப்படிப்பு எதற்கென்று கேட்பவர்கள் அன்னை கதீஜா (ரலி) அவர்களை நினைவுகூரட்டும். மக்காவிலிருந்து ஷாம் நாட்டுக்குச் சரக்கு அனுப்பி, இலாபப் பங்கு பேசி, நம்பிக்கையான முகவரைத் தேர்ந்த வணிகர் அவர். அத்திமிஷ்கீயின் மூன்றாம் வகையினர்.

பழவேற்காட்டில் நம் சமுதாயப் பெண்கள் இன்றும் பனையோலையில் கூடையும் பெட்டியும் முடைகின்றனர். நேர்த்தியான வேலைப்பாடு அது. சாயமேற்றிய ஓலையில் அவர்கள் எழுப்பும் கோலங்கள் பழைய துணியின் கட்டங்களை நினைவூட்டுகின்றன. பொன்னேரியிலோ கும்மிடிப்பூண்டியிலோ அங்காடியியல் படிக்கும் மாணவி ஒருத்தி தன் இறுதியாண்டுத் திட்டக் கட்டுரைக்குப் பொருள் தேடுகிறாளானால், அங்கே போய் மூன்று கேள்விகள் கேட்கலாம். ஒரு பெட்டி முடைய எத்தனை நாள் ஆகிறது? முடைந்தவர் கைக்கு எவ்வளவு வருகிறது? சென்னைக் கடையில் அது எவ்விலைக்குப் போகிறது? அந்த மூன்று எண்களையும் ஒரே தாளில் எழுதி, அதை முடைந்த பெண்களிடமே முதலில் படித்துக் காட்ட வேண்டும்.